அருமைநாயகத்துக்கு இன்னும் முட்டவில்லை

முட்டவில்லை. இன்னும் முட்டவில்லை. ஸ்கேன் சென்டரின் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், அடிவயிற்றுக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார் அருமைநாயகம். அங்கிருந்து ஒரு தகவலும் வரக் காணோம். வந்ததும் வராததுமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த சிஸ்டர், "தாத்தா, தண்ணி நல்லாக் குடிங்க. ஒண்ணுக்கு முட்டுனதும் வந்து சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பாத்ரூம் பக்கம் போயிராதீங்க, படம் விழாது" என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவர் குடித்த குடிக்குத் தாமிரபரணியில் ஒரு முழம் வற்றியிருக்கும். கொண்டுவந்த பாட்டில் தீர்ந்து, அவர் சம்சாரம் தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூலையில் இருந்த கேனில் பிடித்துப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்து, இப்போது அந்தக் கேனே மூச்சு வாங்குகிற மாதிரி குபுக் குபுக்கென்கிறது. குடித்த தண்ணீர் எங்கே போயிற்று? தொண்டையில் இறங்கினது தெரிந்தது. வயிற்றில் குளுகுளுவென்று போய் உட்கார்ந்தது தெரிந்தது. அதற்கப்புறம் ஆள் அட்ரஸ் இல்லை. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. ஒருத்தர் காலை மாற்றி மாற்றிப் போடுகிறார். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு காலண்டரில் உள்ள நல்ல நேரத்தையெல்லாம் வாசிக்கிறாள். எதிரே வாட்டசாட்டமான ஒரு லாரி புரோக்கர், கோயிலைச் சுற்றுகிற மாதிரி நாற்காலி வரிசையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அடக்கியதை விட்டார்களென்றால் தூத்துக்குடியில் பாதி மிதக்கும். அவர் ஒருத்தர்தான் கரையில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, கல்லு மாதிரி உக்காந்திருக்கீயளே, எப்படி அடக்குதீய?" என்று லாரி புரோக்கர் சுற்றுகிற சுற்றிலேயே கேட்டுவிட்டுப் போனார். அருமைநாயகம் சிரித்துவைத்தார். கல்லு மாதிரி. அந்தச் சொல்லை இன்றைக்கு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடக்குவதற்கு ஏதாவது வந்தால்தானே அடக்க. அவருக்கு இருப்பது ஒற்றைக் கிட்னி. இடது பக்கத்தது சத்தம் போடாமல் செத்துப்போனது. ஒரு கல் வந்து வாய்க்காலில் உட்கார்ந்து அடைத்திருக்கிறது. ஒரு முனகல் இல்லை, ஒரு சுருக்கு இல்லை. உள்ளேயே தண்ணீர் கட்டி, வீங்கி, பிறகு வற்றி, டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது அது வெயிலில் கிடந்த கத்தரி வற்றல் மாதிரிச் சுருண்டு கிடந்தது. வலிக்காத கல்தான் பொல்லாத கல் என்றார் டாக்டர். வலது பக்கம் வந்ததோ ஊரைக் கூட்டின கல். அன்றைக்கு அருமைநாயகம் போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்து திருச்செந்தூரில் போய் இறங்கியதாகச் சொல்வார்கள். அவரே சொல்வார், கேட்கிற ஆளைப் பொறுத்து மணப்பாடு வரைக்கும்கூடக் கொக்குப் போகும். லேசர் வைத்து உடைத்து எடுத்து, தூளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பழுப்பும் மஞ்சளுமாய், அரை உப்புக்கல் கனம்கூட இல்லை. அதை உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு அவர் விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நாற்பது வருசமாய் உப்பளத்துக் கங்காணி. ஒரு பாத்தியில் உப்பு விளைவதென்றால் எத்தனை பேர் பாடு: தண்ணீரைத் தெப்பம் என்கிற தேக்கத்தொட்டியில் ஏற்றித் தேக்க வேண்டும், தரையை மிதித்து இறுக்க வேண்டும், வரப்புக் கட்ட வேண்டும், பாய்ச்சிவிட்டு வெயிலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், பெண்கள் பலகையைப் போட்டு வார வேண்டும். இங்கே வரப்பு யார் கட்டினது? யார் மிதித்தது? அதைவிட, வெயில்? அவருக்கு அதுதான் தாங்கவில்லை. "உள்ள வெயிலே கெடையாதே டாக்டர், கும்மிருட்டுல்லா, பொறவு எப்படி விளைஞ்சுது?" என்று கேட்டார். டாக்டர் கையில் இருந்த பேனாவை மூடினார். "நல்ல கேள்வி. வெயில் வெளியேதான் அடிக்குது. ஆனா வேர்வையா உள்ள இருக்கிற தண்ணியை இழுத்துருது. மிச்சம் இருக்கிறது கெட்டிப்படுது, புளிச்சுப்போகுது. அதுல கல்லு கட்டுது." அப்படியானால் தூத்துக்குடி வெயில் இரண்டு இடத்தில் வேலை செய்திருக்கிறது. பாத்தியில் ஒன்று, அவருக்குள் ஒன்று. வெளியே விளைந்ததற்குக் கூலி கொடுத்தார்கள். உள்ளே விளைந்தது சும்மாவே விளைந்திருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கி வெளியே வந்து, அண்ணாந்து சூரியனைப் பார்த்து, 'நீரு சாமானியப்பட்ட ஆளில்லவே' என்று மனசுக்குள் சொன்னார்.

"இந்தாங்க, குடிங்க." தங்கபுஷ்பம் பேப்பர் டம்ளரை நீட்டினாள். "குடிச்சிட்டுத்தானே இருக்கேன்." "குடிச்சா வரணும்லா?" "வரும்." "எப்போ?" அவள் கேட்டது கேலியாக இல்லை; அதனால்தான் அவருக்கு உள்ளுக்குள் சிலுசிலுத்தது. வாங்கிக் குடித்தார். முந்தாநாள் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் இருந்தது. வலி இல்லை. வலி இருந்தால் தைரியமாக இருந்திருக்கும். கனம், ஈரச்சாக்கு ஒன்றை யாரோ உள்ளே வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி. அதை அவளிடம் சொல்லி, அவள் டாக்டரிடம் சொல்லி, டாக்டர் இங்கே எழுதி அனுப்பி. வாய்க்கால் ஒன்றே ஒன்று. அதிலும் கல் போய் உட்கார்ந்திருந்தால், குடித்த தண்ணீரெல்லாம் மேலேயே நின்றால், இந்நேரம் அந்த ஒற்றைக் கிட்னி தண்ணீர்ப் பையாக வீங்கி, பிறகு வற்றி, பிறகு வற்றல். டயாலிசிஸ் வார்டை அவர் பார்த்திருக்கிறார். அளத்தில் பம்பு ஓட்டின ஞானராசுவைப் பார்க்கப் போயிருந்தார். படுக்கை படுக்கையாய் ஆட்கள், பக்கத்தில் ஆளுக்கொரு மெஷின், குழாயில் ரத்தம் வெளியே போய் உள்ளே வருகிறது. நாள் முழுக்கக் கேட்கிற பம்புச் சத்தம். ஞானராசு சிரித்துக்கொண்டே, "கங்காணி, நானே இப்போ ஒரு பாத்தியாட்டேன், பாய்ச்சிப் பாய்ச்சி வடிக்காவ" என்றான். அவ்வளவு பெரிய மெஷின் செய்கிற வேலையை ஒரு கைப்பிடிச் சதை, அவரைவிதை மாதிரி இருந்துகொண்டு, ஒரு நாள் லீவு கேட்காமல், யூனியன் வைக்காமல், எழுபது வருசமாய்ச் செய்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு அன்றைக்கே உடம்பு புல்லரித்தது. இன்றைக்கும் புல்லரித்தது, ஆனால் இன்றைக்குக் கூடவே ஒரு பயம். அந்த வேலைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்தினது யார்? அவர்தான். மருந்தைக் கொண்டுபோய்ப் பாத்தியில் ஊற்றினது யார்? அதுவும் அவர்தான்.

அந்த மருந்து. பழுப்புப் பாட்டிலில், ஆரஞ்சு வாசனை போட்டு, ஒரு மூடியைத் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும். "இது என்ன டாக்டர்?" "பொட்டாசியம், மெக்னீசியம், சிட்ரேட்டு. எலுமிச்சம்பழத்துப் புளிப்பு இருக்கில்லையா, அதை இந்தத் தாதுக்களோட கட்டி வச்சது. உள்ள போயி உங்க மூத்திரத்தோட புளிப்பைக் குறைச்சுக் காரமாக்கும். கல்லு கட்டாது. இன்னொண்ணு, ஒத்தக் கிட்னிங்கிறதால மாசா மாசம் ரத்தத்துல பொட்டாசியம் பாக்கணும்." காரமென்றால் மிளகாய்க் காரமில்லை, சவுக்காரத்துக் காரம், உவர்மண்ணில் வேட்டி வெளுக்கிற காரம் என்று அவரே புரிந்துகொண்டார். ஆனால் புளிப்பு உள்ளே போய்ப் புளிப்பையே எடுப்பது எப்படி? திருடனைப் போலீசுக்குச் சேர்த்த கதையாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். முதல் மூடியை வாயில் விட்டவுடன் அதெல்லாம் மறந்துபோயிற்று. ஆரஞ்சு போனது, புளிப்புப் போனது, நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து நின்றது. அவருக்கு அந்தக் கசப்பைத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, அளத்துக்காரனுக்குத் தெரியும். பாத்தியில் உப்பு விளைந்த பிறகு அடியில் ஒரு தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரி வழவழவென்று, கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. அதை விட்டால் உப்பும் கசக்கும் என்று மடையைத் திறந்து ஓடைக்கு விட்டுவிடுவார்கள். அந்தக் கசப்பு மெக்னீசியம் என்று எப்போதோ உப்பைச் சோதிக்க வந்த ஒரு ஆபீசர் சொல்லிக் கேட்டிருக்கிறார். நாற்பது வருசமாய் அவர் கைகாட்டி, அவர் சத்தம் போட்டு, அத்தனை பாத்தியிலும் மடை திறந்து வெளியேற்றிய கசப்பு, கடலுக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, யாரோ சுத்தப்படுத்தி, அளந்து, ஆரஞ்சு வாசனை பூசி, லேபிள் ஒட்டி, மூடி போட்டு, கடைசியில் அவர் நாக்குக்கே திரும்பி வந்திருக்கிறது. "என்னய வெரட்டுனீருல்லா" என்று கேட்காமல், வந்த வேலையைப் பார்க்க உள்ளே இறங்குகிறது. அன்றைக்கு அவர் மூடியைக் கழுவாமல் கையில் பிடித்தபடியே நின்றதைப் பார்த்து, "என்ன, அவ்வளவு கசப்பா?" என்று தங்கபுஷ்பம் சீனி டப்பாவை எடுத்தாள். "சீனி வேண்டாம். இது நம்ம அளத்துச் சரக்கு" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு மட்டும் முழுசாய் விளங்கிவிட்டதா என்ன.

விளங்கியிருந்தால் பாத்தியில் போய் ஊற்றுவாரா? அங்கேதான் நினைப்பு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, வேட்டி முனை உடைமுள்ளில் மாட்டுகிற மாதிரி. கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஜாதி அவர். கிட்னிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பாத்திக்குள் பார்க்கலாம். கிட்னியும் பாத்தி, பாத்தியும் பாத்தி. இங்கே கட்டாமல் தடுக்கிற மருந்து அங்கேயும் தடுக்க வேண்டியதுதானே? சித்திரை மாசத்து வெயிலில், ஓரத்தில் ஒரு கையகலப் பாத்தி கட்டச் சொல்லி, தெப்பத்துத் தண்ணீரைப் பாய்ச்சி, ஒரு பாட்டில் மருந்தையும் கவிழ்த்துவிட்டார். உப்பு வாருகிற சண்முகக்கனி பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அண்ணாச்சி, பாத்திக்குச் சொகமில்லையா?" அவளோடு சேர்ந்து அளமே சிரித்தது. அவர் குடையை விரித்து வரப்பில் உட்கார்ந்தார். மறுநாள் வந்து பார்த்தால் தண்ணீருக்கு மேலே உப்பு பூத்துக் கிடக்கிறது. எப்போதும் போல, முதலில் ஆடை மாதிரி மெல்லிசாய், பிறகு நாலு பக்கமும் இழைத்து வைத்த மாதிரிக் குட்டிக் குட்டி உப்புக்கல், சூரியனைத் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிதக்கிறது. இதைப் பார்த்து அவருக்கு என்றைக்குமே அலுத்ததில்லை. அலுத்ததாகச் சொல்கிற அளத்துக்காரன் பொய் சொல்கிறான். ஆனால் அன்றைக்கு வயிறு எரிந்தது. "அண்ணாச்சி, உப்பு முன்னைக்கிப்ப தெம்பா வந்திருக்கு. இனி எல்லாப் பாத்திக்கும் இந்த டானிக்க ஊத்துவோமா? மொதலாளிட்ட சொல்லுங்க" என்றாள் சண்முகக்கனி. தடுக்காதது மட்டுமில்லை, வளர்க்கவும் செய்கிறது. அன்றோடு பாட்டிலை மூடி அலமாரிக்கு மேலே ஏற்றினார். தங்கபுஷ்பம் அளத்துப் பெண்கள் வாயிலாய் விஷயம் தெரிந்து, நாலு நாள் பேசாமல் இருந்து, பிறகு நாலு நாள் அதை மட்டுமே பேசி, கடைசியில் ஓய்ந்தாள். "உங்களுக்கு டாக்டர் சொன்னாப் பத்தாது, பாத்தி சொல்லணும்" என்பதுதான் அவள் கடைசியாய்ச் சொன்னது. பாத்தி சொன்னதைத்தானே அவர் நாற்பது வருசமாய்க் கேட்டிருக்கிறார். அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லையே. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, அத்தனை வெயிலையும் மருந்தில்லாமல் அந்த ஒற்றை ஆள் உள்ளே தனியாகத் தாங்கியிருக்கிறான். இப்போது ஆவணி. இப்போது முட்டவில்லை.

ஜெபம் பண்ணலாமா என்று பார்த்தார். கண்ணை மூடினார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடம் போய், ஆண்டவரே எனக்கு ஒண்ணுக்கு வரணும் என்று எந்த முகத்தோடு கேட்பது? பேரப்பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார், உப்பு வாரி முடிகிற வரைக்கும் மழை பிந்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார், ஒரு தடவை மொதலாளிக்குப் பேதியாக வேண்டும் என்றுகூடக் கேட்டு, அது கிடைக்கவும் செய்தது. இதைக் கேட்டதே இல்லை. தினமும் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. அளத்து வரப்பில், உடைமரத்து நிழலில், ரயில் நிலையத்தில், கல்யாண வீட்டுக் கொல்லையில், நினைத்த இடத்தில் நின்று போய்விட்டு, போனதை ஒரு வேலையாகவே நினைக்காமல் வேட்டியை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே எத்தனை வடிகட்டு, எத்தனை மடை, எத்தனை சிக்கனம்; வேண்டிய உப்பை நிறுத்தி, வேண்டாத உப்பைத் தள்ளி. எந்தக் கங்காணி அங்கே நின்று சத்தம் போட்டான்? ஒரு குரல்கூட இல்லாமல் நடக்கிறது. அவர் கண்ணைத் திறந்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஸ்கேன் முடிந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அருமைநாயகம் அந்தச் சத்தத்தைக் கச்சேரி கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தங்கபுஷ்பம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலையா?" "ம்ஹூம்." "கொஞ்சங்கூடவா?" "இல்ல புஷ்பம்." அவள் எழுந்தாள். கண்ணாடித் தடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, சிஸ்டரிடம் ஏதோ சொன்னாள். குரல் கேட்கவில்லை, ஆனால் அவளுடைய ஒரு கை பின்னால் முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஐம்பது வருசத்தில் அவள் கை அப்படிக் கசக்கி அவர் பார்த்ததில்லை. பொய்க்கொக்கை மணப்பாட்டுக்கு அனுப்புகிற மனுசன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் உள்ளே போய்விட்டு வந்து, "தாத்தா, முட்டலைன்னாலும் பரவால்ல, டாக்டரம்மா உடனே பாத்துரலாம்னு சொல்றாங்க, வாங்க" என்றாள். உடனே என்ற சொல்லைச் சுமந்துகொண்டு அவர் எழுந்தார்.

இருட்டு அறை. ஏசி. சட்டையைத் தூக்கிப் படுத்தார். ஸ்கேன் டாக்டர் சின்னப் பெண், மகள் வயிற்றுப் பேத்தி வயசுதான் இருக்கும். குளிர்ந்த கூழை வயிற்றில் பிதுக்கி, ஒரு கருவியை வைத்து உருட்டினாள். "எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க தாத்தா?" "விடிய முன்னாடியேம்மா. அளத்துக்குப் போயிட்டு நேரா வந்தேன்." "வெயில்லயா?" "அளத்துல வேற என்ன இருக்கு." இடது பக்கம் உருட்டினாள். வலது பக்கம் வந்தாள். திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில், மூட்டத்துக்குள் கடலைப் பார்க்கிற மாதிரி, அலையலையாய் ஏதோ. அதற்கு நடுவே ஒரு உருவம், அவரைவிதை மாதிரி, மூச்சுக்கு மூச்சு மேலே போய்க் கீழே வருகிறது. "இதுதான் உங்க கிட்னி." அவர் மூச்சை நிறுத்தினார். அதுவும் நின்றது. விட்டார். அதுவும் இறங்கிற்று. எழுபது வருசமாய்ச் சேர்ந்து இருந்தவர்கள் முதல் தடவையாய் முகம் பார்க்கிறார்கள். 'நீதானா அது' என்று நினைத்தார்.  "கொஞ்சம் வீக்கம் இருக்கிற மாதிரி இருக்கு. கீழ் மூலையில ஒண்ணு இருக்கு பாருங்க, கடுகளவு. அது பாதையில இல்ல. பாதையில வேற ஏதும் நிக்குதான்னு பாக்கணும்." கருவி அடிவயிற்றுக்கு இறங்கிற்று. கறுப்பாய் ஒரு பள்ளம், கால்வாசி நிறைந்த தெப்பம் மாதிரி. "பை நிறையவே இல்லையே." ஒரு பொத்தானைத் தட்டினாள்; பள்ளத்தின் மேல் ஒரு சின்னக் கட்டம் விழுந்தது. "இப்ப கலர் போட்டிருக்கேன். கிட்னியில இருந்து தண்ணி வந்து விழுந்தா இங்க செவப்பாத் தெரியும். பாதை திறந்திருந்தா விழும். அசையாதீங்க." அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். கறுப்பு. ஏசி இரைந்தது. கறுப்பு. மடை திறந்துவிட்டு வாய்க்காலின் மறுமுனையில் நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற வேலையை அவர் ஆயிரம் தடவை செய்திருக்கிறார். காய்ந்த வாய்க்காலில் முதலில் வருவது தண்ணீர் இல்லை, சத்தம். இங்கே சத்தமும் இல்லை. அவள் கருவியைச் சற்றுச் சாய்த்தாள். கறுப்பு. அவளுடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கத் திரையையே பார்த்தார். வந்துரு ராசா. வந்துரு. கோபமிருந்தா பொறவு பேசிக்கிடலாம். மருந்து தரலன்னு மனசுல வச்சிக்காத. கறுப்பு, கறுப்பு, பிறகு பள்ளத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு பீறிட்டது. தீக்குச்சி கிழித்தமாதிரி. சாய்வாய்க் குறுக்கே பாய்ந்து, நுனியில் மஞ்சளாய்ப் பற்றி, அணைந்தது.

"ஆங்" என்றாள் டாக்டர். அந்த ஒரு 'ஆங்'கில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று. "அழாதீங்க தாத்தா, நல்லதுதான். பாதை திறந்திருக்கு." "இதுவாம்மா? இதுவா தெனமும் நடக்குது?" "எப்பவும் நடந்துகிட்டேதான் இருக்கு. நீங்க தூங்கும்போதும்." "நான் தூங்கும்போதுமா?" "தூங்கும்போதும்." அவருக்கு நம்ப முடியவில்லை; அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில், கும்மிருட்டில், ஒருத்தரும் பார்க்காமல், இந்தத் தீப்பொறி விழுந்து விழுந்து அணைந்திருக்கிறது. "அப்போ ஏம்மா முட்டல?" "வெயில்ல காஞ்சு வந்த உடம்பு. குடிச்ச தண்ணியை முதல்ல தனக்கு எடுத்துக்கும். மிச்சத்தைத்தான் கீழ விடும்." காய்ந்த பாத்தியில் முதல் தண்ணீர் தரைக்குத்தான் போகும், வரப்பு நனைகிற வரைக்கும் மேலே நிற்காது. அளத்துக்குப் புதுசாய் வருகிறவனுக்கு முதல்நாள் அவர் சொல்கிற பாடம். தன் பாத்தியைத் தவிர எல்லாப் பாத்திக்கும் சொல்லியிருக்கிறார். "கல்லுக்கு மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" "சிட்ரேட்டு குடுத்தாவ. பாத்தியில ஊத்திப் பாத்தேன், உப்பு நல்லா விளைஞ்சுது. அதான் நிறுத்திட்டேன்." அவள் கருவியை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "பாத்தியிலயா?" "உப்புப் பாத்தியில." அந்த இருட்டிலும் அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தெரிந்தது. "தாத்தா, சாப்பாட்டு உப்பு வேற ஜாதி, அதை இந்த மருந்தால ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு முன்னாடி வந்தது யூரிக் ஆசிட் கல்லுன்னு சீட்டுல போட்டிருக்கு. அது புளிச்ச தண்ணியிலதான் கட்டும். மருந்து அந்தப் புளிப்பை எடுத்துரும், புதுசா கட்டாது. இந்தக் கடுகுகூடக் கரைஞ்சாலும் கரையலாம்." "கரையுமா? கல்லா?" "கரையலாம். ஆனா நீங்களா பாட்டிலை எடுத்துராதீங்க. ரத்தத்துல பொட்டாசியம் பாத்துட்டு, உங்க டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பிங்க." உப்பைத் தண்ணீர் கரைக்கும், தெரியும். கல்லைக் கசப்பு கரைக்குமென்று நாற்பது வருசமும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஓடை ஓடையாய் வெளியே விட்டாரே. "அம்மா, அந்தச் செவப்ப இன்னொரு தடவ காட்டுதியா?" "தாத்தா, வெளியே ஒரு ஊரே அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கு." "ஒரே ஒரு தடவ." அவள் பெருமூச்சு விட்டுக் கருவியை மறுபடி வைத்தாள். இந்தத் தடவை வெகுநேரம் காக்க வைக்கவில்லை. பீறிட்டது. அவர் இரண்டு கையையும் கூப்பினார், யாருக்கென்று யோசிக்காமலே, வயிற்றுக் கூழில் வேட்டி ஒட்டிக்கொள்ள. "கொஞ்ச நேரம் வெளியே இருங்க. பை நிறைஞ்சதும் வீக்கத்தை ஒரு தடவை அளந்துக்கலாம்."

தங்கபுஷ்பம் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை. "என்ன சொன்னாவ?" "திறந்திருக்கு." "என்னது?" "மடை. மடை திறந்திருக்கு புஷ்பம். கடுகு கணக்கா ஒரு கல்லு மூலையில கெடக்காம், அது கரையுமாம். நாளைக்கி டாக்டர்ட்ட போவணும், ரத்தம் பாத்துட்டு மருந்து ஆரம்பிக்கணும்." அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். இவர் சொல்கிற கொக்கு எந்த ஊர்க் கொக்கு என்று அளக்கிற அதே பார்வை. பிறகு முந்தானையை விட்டாள். கசங்கின இடம் கசங்கினபடியே தொங்கிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். லாரி புரோக்கரை உள்ளே கூப்பிட்டார்கள். மனுசன் கும்பிட்டுக்கொண்டே ஓடினார். உள்ளே பார்த்ததை இவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். ஊர்ப்பட்ட கதையைக் கயிறு திரித்திருக்கிறார். இதைத் திரிக்க ஒரு நூல் அகப்படவில்லை. தீக்குச்சி கிழித்த மாதிரி என்றால் தீயா என்பாள். தண்ணீர்தான், ஆனால் சிவப்பு என்றால் ரத்தமா என்று பதறுவாள். இப்போது இந்த நிமிசம்கூட விழுந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தார், வேட்டிக்கு உள்ளே, தோலுக்கு உள்ளே, ஒன்று, பிறகு சற்றுப் பொறுத்து ஒன்று. இனி குடிக்கப் போகும் மருந்தும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், கடுகைத் தொட்டுக்கொண்டு, அதன் ஓரத்தைச் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டு. தண்ணீர் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று அவள் கேட்டாள். அதற்குள் அடிவயிற்றில், வெகு ஆழத்தில், யாரோ கதவை ஒற்றை விரலால் தட்டின மாதிரி இருந்தது. நின்றது. மறுபடி தட்டிற்று, இந்தத் தடவை உள்ளங்கையால். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தது. அருமைநாயகம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"என்ன, முட்டுதா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"முட்டுது."

"சிஸ்டர்ட்ட போய்ச் சொல்லட்டுமா?"

"இரு புஷ்பம். கொஞ்ச நேரம் வச்சிக்கிடுதேன்."